‘தியுப்! தியுப்!’: மூச்சை அளந்த வரலாறு

இந்த மாதம் வலிமிகும் இடங்கள் பற்றிக் குறிப்பு எழுதித் தருவதாகத்தான் பொறுப்பாசிரியரிடம் சொல்லியிருந்தேன். அதற்குள் அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும்படி ஆயிற்று. போன இடத்தில் பார்த்தது மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க அது ஒரு வரலாற்றுக் கட்டுரையாக வளர்ந்துவிட்டது. வலிமிகும் இடங்கள் அடுத்த இதழில் வரும், மன்னிக்கவும்.

எங்கள் ஊர் கோலா கெத்தில். கெத்தில் ஆறு மூடா ஆற்றோடு சேரும் இடம். பாலிங் போகிற சாலையில் இரு புறமும் இப்போது செம்பனைதான். ஆனால், என் அப்பா வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் ரப்பர். அவர் மரம் வெட்டியது சில ஆண்டுகள்தான். பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் கூடத்தில் வேலை.

இளைய ஆசிரியர்கள் அந்தக் கூடத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். காலையில் வெட்டிய பாலை வடிகட்டித் தண்ணீர் கலந்து, ஃபார்மிக் அமிலம் விட்டு உறைய வைப்பார்கள். உறைந்த கட்டியை உருளைகளுக்கு நடுவே விட்டுத் தாளாக அழுத்துவார்கள். கடைசி உருளையில் வரி வெட்டியிருக்கும். தாளின் மேல் வரிவரியாக விழுவது அதனால்தான். இந்த ஈரத் தாள்களைக் கம்புகளில் தொங்கவிட்டு, புகைக்கூடத்துக்குள் தள்ளி, கீழே ரப்பர் விறகு மூட்டிப் பல நாள் வைப்பார்கள். புகைதான் தாளைக் காய வைக்கும், பூஞ்சை பிடிக்காமல் காக்கும், அந்தத் தேன் நிறத்தையும் தரும். பிறகு ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, குமிழி இருக்கிறதா, அழுக்கு இருக்கிறதா என்று பார்த்துத் தரம் பிரிப்பார்கள். முதல் தரம், இரண்டாம் தரம் என்று ஐந்து வரை உண்டு. தாளின் தரத்தைப் பார்க்க இத்தனை ஏற்பாடு. உள்ளே போய் விறகு தள்ளிவிட்டு வந்தவரின் நெஞ்சை யாரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததில்லை.

1965-இல் மலேசியத் தர ரப்பர் என்ற கட்டி ரப்பர் முறை வந்தது. அதன்பின் புகைத் தாளுக்கு மவுசு குறைந்துகொண்டே போனது. பிறகு செம்பனை வந்து இடத்தையும் பிடித்துக்கொண்டது. எல்லையைத் தாண்டித் தென் தாய்லாந்தில் இன்றும் கூட்டுறவுச் சங்கங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. அங்குள்ள ஆய்வாளர்கள் புகைக்கூடக் காற்றிலுள்ள துகள்களை அளந்து எழுதியிருக்கிறார்கள். மிக நுண்ணிய துகள்கள், நுரையீரலின் அடி வரைக்கும் போகக்கூடியவை.

அப்பாவுக்கு மூன்று வருடமாக மூச்சிரைப்பு. மாடிப்படி ஏறினால் நடுவில் நிற்பார். கேட்டால், “வயசாச்சுல்ல” என்பார். பீடியை விட்டுப் பதினைந்து ஆண்டு ஆகிறது. கிளினிக் டாக்டர் நெஞ்சில் கருவி வைத்துக் கேட்டுவிட்டு, பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார். நுரையீரல் செயற்பாட்டுச் சோதனை, அதாவது ஸ்பைரோமெட்ரி செய்ய வேண்டுமாம்.

அந்தச் சிறிய அறையில் நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இது வரலாம். முதலில் உயரம், எடை எடுத்தார்கள். வயது கேட்டார்கள். ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்தார்கள். மூக்கை ஒரு கவ்வியால் அடைத்தார்கள். வாயில் ஒரு அட்டைக் குழாய். உதடுகளால் இறுக்கிப் பிடிக்க வேண்டும், பல்லால் கடித்து நசுக்கக் கூடாது, நாக்கு குறுக்கே வரக் கூடாது. முடிந்த மட்டும் காற்றை இழுத்து, ஒரு நொடிகூடத் தயங்காமல், வெடி வெடித்தது மாதிரி ஊத வேண்டும். அதோடு முடியாது. காற்றே இல்லை என்று தோன்றிய பிறகும் ஆறு நொடிக்கு மேல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். இதைக் குறைந்தது மூன்று தடவை ஒழுங்காகச் செய்ய வேண்டும். மூன்றில் சிறந்த இரண்டும் 150 மில்லிலிட்டருக்குள் ஒத்துப் போக வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும். எட்டுத் தடவை வரைக்கும் போகலாம். பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை உறிஞ்சக் கொடுத்து, கால் மணி நேரம் உட்கார வைத்து, மறுபடியும் முதலிலிருந்து ஊதச் சொல்வார்கள். மருந்துக்கு முன், மருந்துக்குப் பின் என்று இரண்டு கணக்கு.

வலி கிடையாது. ஊசி கிடையாது. ஆனால் தலை சுற்றும், இருமல் வரும், சிலருக்குக் கண் இருட்டும்; அதனால்தான் உட்கார வைத்துச் செய்கிறார்கள். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், கண் அறுவை செய்தவர்கள், சளியில் ரத்தம் காண்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சோதனை செய்த தம்பி நல்லவர், பொறுமையானவர். “தாரிக் நாஃபாஸ் டாலாம்-டாலாம்... தியுப்! தியுப்! குவாட்! லாகி, லாகி, லாகி!” என்று கையை ஆட்டி உற்சாகப்படுத்தினார். அப்பாவுக்குத் தோட்டத்து மலாய் நன்றாகவே வரும். சந்தையில் பேரம் பேசுவார். ஆனால் மூக்கை அடைத்து, வாயில் குழாயைத் திணித்து, எதிரே ஒருவர் உரத்த குரலில் கத்தும்போது மனிதருக்கு எந்த மொழி காதில் விழும்? பயந்துபோய், விசில் ஊதுவது போல மெல்ல ஊதினார். முதல் தடவை தப்பு. இரண்டாவது தடவை பாதியில் நிறுத்தினார். மூன்றாவது தடவை இழுக்கும் முன்பே ஊதிவிட்டார். திரையில், ‘முயற்சி போதாது’ என்ற பொருளில் ஏதோ வந்தது.

நான் கதவருகே நின்றிருந்தேன். அனுமதி கேட்டுப் பக்கத்தில் போனேன். “அப்பா, வெறகு அடுப்பு அணைஞ்சு போச்சு. ஊதாங்குழல எடுத்து ஒரே ஊது. நெருப்பு பத்தற வரைக்கும் நிறுத்தாதீங்க. ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும், இருக்கு, இன்னும் இருக்கு!” என்றேன். அவர் கண் பிதுங்க ஊதினார். அந்தத் தம்பி திரையைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

இந்தச் சோதனையின் பலவீனமே இதுதான். ரத்தப் பரிசோதனையில் உங்கள் ஒத்துழைப்பு தேவையில்லை. கையை நீட்டினால் போதும். மூச்சுச் சோதனையில் நோயாளி முழு மனதோடு ஊதினால்தான் எண் சரியாக வரும். ஊத வைப்பது ஒரு சொல். அந்தச் சொல் புரியாவிட்டால், நல்ல நுரையீரலும் கெட்டதாகத் தெரியும்.

சரி, இதை யார் கண்டுபிடித்தது?

மூச்சை எண்ணுவது நமக்குப் புதிதல்ல. ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்பது சித்தர் மரபுக் கணக்கு. வகுத்துப் பாருங்கள், நிமிடத்துக்குச் சரியாகப் பதினைந்து. இன்றைய மருத்துவம் ஓய்வில் இருக்கும் பெரியவருக்குச் சொல்லும் பன்னிரண்டு முதல் இருபது என்ற எல்லைக்குள் அது அழகாக உட்காருகிறது. வெளியே போகும் மூச்சை விரற்கடை அளவால் சொல்லும் வழக்கமும் அந்த மரபில் உண்டு. ஆனால் அது தன் மூச்சைத் தானே கவனிக்கும் கணக்கு. இன்னொருவர் மூச்சைப் பிடித்து, பாத்திரத்தில் அடைத்து, இத்தனை லிட்டர் என்று எழுதி வைக்கும் பழக்கம் வேறு ஊரில், வேறு காரணத்துக்காகத் தொடங்கியது.

அந்தக் காரணம் காப்புறுதி. ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் லண்டனில் பிரிட்டானியா ஆயுள் காப்புறுதி நிறுவனத்துக்கு மருத்துவராக இருந்தார். காசநோய் கொத்துக் கொத்தாக ஆளைக் கொண்டுபோன காலம். பாலிசி கேட்டு வருபவர் ஆரோக்கியமாகத் தெரிவார். அடுத்த ஆண்டு இறந்துவிடுவார். வெளியே தெரியாத நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு கருவி வேண்டும். ஹட்சின்சன் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு உலோகப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்து, எடைக்கற்களால் சமன் செய்து, குழாய் வழியாக ஊதினால் பாத்திரம் மேலே எழும்படி அமைத்தார். எவ்வளவு எழுகிறதோ அவ்வளவு காற்று. அதற்கு முன்பும் சிலர் காற்றை அளக்க முயன்றிருக்கிறார்கள். ஆனால், கருவிக்கு ஸ்பைரோமீட்டர் என்று பெயர் வைத்து, ஆயிரக்கணக்கானவரை அளந்து, ஒரு விதியைச் சொன்னவர் இவர்தான்.

1846-இல் வெளியான அவருடைய நீண்ட கட்டுரையின் அடிப்படை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூச்சு. யார் யார் தெரியுமா? மாலுமிகள், தீயணைப்பு வீரர்கள், போலீஸ்காரர்கள், அச்சுத் தொழிலாளிகள், படைவீரர்கள், ஏழை விடுதிகளில் இருந்தவர்கள், கனவான்கள். குள்ளர்களையும் ராட்சத உயரக்காரர்களையும்கூட விட்டு வைக்கவில்லை. முழுதாக இழுத்து முழுதாக வெளியேற்றும் காற்றின் அளவுக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் உயிர்த்திறன் என்று சொல்லலாம். பாடநூல்களில் வேறு சொற்களும் பார்த்திருக்கிறேன். ‘உயிர்’ என்ற சொல்லே உயிர்த்தலில், அதாவது மூச்சு விடுவதில் இருந்து பிரியாமல் நிற்கும் மொழி நம்முடையது. எனவே எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

அவர் கண்ட விதி எளிமையானது. ஐந்தடிக்கும் ஆறடிக்கும் இடைப்பட்ட உயரமுள்ளவரில், உயரம் ஓர் அங்குலம் கூடினால் மூச்சின் அளவு 8 கன அங்குலம் கூடும். இன்றைய அளவில் ஏறத்தாழ 130 மில்லிலிட்டர். எடையும் மார்புச் சுற்றளவும் அவ்வளவாகப் பொருட்டல்ல, உயரமே முக்கியம் என்றார். இன்றைக்கும் ஊதுவதற்கு முன் உயரத்தை அளக்கிறார்களே, அது 1846-இலிருந்து வரும் வழக்கம்.

ஹட்சின்சன் எழுதியவற்றில் என் மனத்தில் நின்றவர் ஃபிரீமேன். அமெரிக்காவிலிருந்து 1842-இல் இங்கிலாந்துக்கு வந்த, ஏழடியை நெருங்கிய குத்துச்சண்டை வீரர். வந்த புதிதில் அவர் ஊதிய அளவு மலைக்க வைத்தது. சுமார் இரண்டு ஆண்டு கழித்து மறுபடி அளந்தபோது குறைந்திருந்தது. மருத்துவர்கள் நெஞ்சைத் தட்டிப் பார்த்தார்கள், கேட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. கருவி மட்டும் குறைகிறது என்றது. 1845-இல் அவர் காசநோயால் இறந்தார். ஹட்சின்சனுக்கு இதைவிடப் பெரிய சான்று தேவைப்படவில்லை.

அவர் வாழ்க்கை விசித்திரமாக முடிந்தது. 1850களில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தங்க வேட்டை நடந்துகொண்டிருந்த ஆஸ்திரேலியாவுக்குப் போனார். அங்கிருந்து ஃபிஜித் தீவுக்கு. 1861-இல் அங்கேயே இறந்தார். தமிழர்கள் ஃபிஜிக் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியது அதற்கு வெகுநாள் கழித்துத்தான். இருந்தாலும் இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு அவர்கள் நினைவு வந்தது.

இனி, கதையின் இருண்ட பக்கம். ஆசிரியர்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதியும் இதுவே.

கருவி கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போனது. லூசியானாவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர் இருந்தார். அடிமைகளை வைத்திருந்தவர். அவர் 1851-இல், கறுப்பின மக்களின் நுரையீரல் வெள்ளையரைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவாக வேலை செய்கிறது என்று எழுதினார். அத்தோடு நின்றாரா? இல்லை. அவர்களுடைய ரத்தத்தில் உயிர்க்காற்று போதவில்லை, எனவே அவர்களை வேலை செய்ய வைப்பதே உடலுக்கு நல்லது என்ற முடிவுக்கும் போனார். அடிமை முறைக்குக் கருவியைச் சாட்சி ஆக்கிவிட்டார். உள்நாட்டுப் போர் முடிந்தபின் பெஞ்சமின் கோல்ட் என்பவர் படைவீரர்களை அளந்து 1869-இல் வெளியிட்ட பெரும் நூலிலும் கறுப்பினத்தவரின் எண்கள் குறைவாகவே வந்தன. அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எந்தக் கொட்டகையில் பிறந்தார்கள், குழந்தைப் பருவத்தில் எந்த நோயில் படுத்தார்கள் என்ற கேள்வி அங்கே எழவில்லை. எண் மட்டும் நூற்றாண்டைத் தாண்டி நடந்து வந்தது.

நம்மவர் மூச்சையும் அளந்திருக்கிறார்கள். 1932-இல் கிருஷ்ணன், வரீத் என்ற இருவர் தென்னிந்திய மருத்துவ மாணவர்கள் 103 பேரை அளந்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் எழுதினார்கள். அதே காலத்தில் சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த எலினார் மேசன், தென்னிந்தியப் பெண்களின் மூச்சளவுக்கு உயரத்தையும் எடையையும் வைத்துத் தனி அளவுகோல் வகுத்தார். மேலை நாட்டு அளவுகோலை வைத்துப் பார்த்தால் நம் மாணவர்களின் எண் குறைவாக இருந்தது. 1990-இல் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் விஜயன் குழுவினர், சென்னையில் வாழும் ஆரோக்கியமான இளையோரை மீண்டும் அளந்தார்கள். நம் நாட்டில் 1993-இல் மலேசிய மருத்துவச் சஞ்சிகையில் 13 முதல் 69 வயது வரையிலான மலேசியர்களின் அளவுகள் வெளிவந்தன.

இந்த ஆய்வாளர்களை நான் கார்ட்ரைட்டோடு சேர்த்துச் சொல்லவில்லை. அவர்கள் செய்தது நல்லெண்ணத்தோடு செய்த வேலை. இங்கிலாந்துக்காரருக்கு வெட்டிய சட்டையைச் சென்னைக்காரர் மேல் போட்டுவிட்டு, ‘உனக்கு உடம்பு போதவில்லை’ என்று சொல்லக் கூடாதல்லவா? அதற்காகத் தனி அளவு எடுத்தார்கள். நியாயம்தான். ஆனால் தனி அளவுக்குள் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது.

கணக்கோடு சொல்கிறேன். ஒருவர் முதல் நொடியில் 2.0 லிட்டர் ஊதுகிறார் என்று வையுங்கள். (இந்த முதல் நொடிக் கணக்கை 1947-இல் பாரிஸில் டிஃபனோ என்பவர் கொண்டு வந்தார். மொத்தம் எவ்வளவு ஊதினாய் என்பதைவிட, முதல் நொடியில் எவ்வளவு ஊதினாய் என்பது மூச்சுக்குழாய் அடைப்பை நன்றாகக் காட்டும்.) அவர் வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கும் அளவு 3.0 லிட்டர் என்றால், அவருடைய மூச்சு 67 விழுக்காடு. ‘உங்கள் இனத்துக்கு இயல்பிலேயே குறைவு’ என்று சொல்லி எதிர்பார்ப்பைப் பத்து விழுக்காடு குறைத்து 2.7 ஆக்கினால், அதே மூச்சு 74 விழுக்காடு ஆகிவிடும். 2005-ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி 60 முதல் 69 வரை மிதமான பாதிப்பு, 70-க்கு மேல் இலேசான பாதிப்பு. மனிதர் அதே மனிதர். மூச்சும் அதே மூச்சு. ஒரு பெட்டியில் சரி போட்டதில் நோய் இலேசாகிவிட்டது.

இது யாருக்கு வசதி? அமெரிக்காவில் 1999-இல் கல்நார் வழக்கு ஒன்றில் ஓவன்ஸ் கார்னிங் என்ற நிறுவனம், கறுப்பினத் தொழிலாளர்கள் இழப்பீடு கோர வேண்டுமானால் வேறு அளவுகோலால் பார்க்க வேண்டும் என்று வாதாடியது. அதாவது அவர்களின் நுரையீரல் இன்னும் அதிகமாகக் கெட்டிருந்தால்தான் பணம். இந்த வரலாறு முழுவதையும் லண்டி பிரான் என்ற பேராசிரியர் 2014-இல் தனி நூலாகவே எழுதினார். நம் நாட்டிலும் 1969-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் தொழில் நோய்களுக்கு அட்டவணை உண்டு. சொக்சோவுக்கு மனுப் போடுகிறவருக்கு விழுக்காடு என்பது வெறும் எண் அல்ல, வீட்டுச் செலவு.

இப்போது அந்தப் பெட்டிக்கு வருவோம். மலேசியரான நமக்குப் பாரம் நிரப்புவது புதிதா? மலாய், சீனர், இந்தியர், லாயின்-லாயின். பள்ளிப் பதிவிலிருந்து கடன் மனு வரை பார்த்த வரிசை. 2012-இல் உலக மூச்சியல் ஆய்வாளர்கள் ஒன்றுகூடி, 26 நாடுகளைச் சேர்ந்த 74,187 ஆரோக்கியமானவர்களின் மூச்சை வைத்து 3 வயது முதல் 95 வயது வரைக்குமான சமன்பாடுகளை வெளியிட்டார்கள். அதில் பிரிவுகள்: வெள்ளையர், ஆப்பிரிக்க அமெரிக்கர், வடகிழக்காசியர், தென்கிழக்காசியர், பிறகு ‘மற்றவர்’. நூற்று நாற்பது கோடி மக்கள் வாழும் தேசத்துக்குத் தனிப் பெட்டி இல்லை. படித்தபோது சிரிப்பு வந்தது. கெடாவில் பிறந்து, கெடாவிலேயே புகை குடித்த என் அப்பா தென்கிழக்காசியரா, மற்றவரா? பிறந்த மண்ணைப் பார்த்தால் ஒரு எண், பாட்டன் ஏறி வந்த கப்பலைப் பார்த்தால் வேறு எண். அந்தப் பாட்டன் நாகப்பட்டினத்தில் ஏறியவர். பினாங்கில் இறங்கும் முன் ஜெரஜாக் தீவின் தடுப்பு முகாமில் இருந்துவிட்டுத்தான் தோட்டத்துக்கு வந்தார் என்பது வீட்டுக் கதை.

வேறுபாடே இல்லையா என்று கேட்பீர்கள். எண்களில் வேறுபாடு இருக்கிறது. உட்கார்ந்த நிலையில் உயரத்தை அளந்தால் சிலருக்கு உடற்பகுதி நீளம், சிலருக்குக் கால் நீளம். நுரையீரல் இருப்பது உடற்பகுதியில். பிறந்தபோது எடை, சிறுவயதுச் சாப்பாடு, சளிக் காய்ச்சல், வீட்டுக்குள் விறகுப் புகை, இவையெல்லாம் சேர்ந்துதான் வளர்ந்த நுரையீரலின் அளவைத் தீர்மானிக்கின்றன. திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில், பிடிப்பழக்கமே இல்லாத 900 பெண்களைச் சோதித்த ஓர் ஆய்வு 2011-இல் வந்தது. விறகடுப்புப் புகைக்கும் நாள்பட்ட நுரையீரல் அடைப்புக்கும் உள்ள உறவைத் தேடிய ஆய்வு அது. நம் அம்மாக்கள் லயத்து அடுக்களையில் ஊதாங்குழலோடு குந்தியிருந்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இப்படி வந்த குறையை ‘இனத்தின் இயல்பு’ என்று எழுதிவிட்டால், புகை போட்டவர் பெயர் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது. என் கருத்து இதுதான், மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதலாம்.

மருத்துவ உலகமும் இதை மறுபரிசீலனை செய்திருக்கிறது. எல்லா இனத்துக்கும் ஒரே சமன்பாடு 2022-ஆம் ஆண்டின் பெயரோடு வந்தது. 2023-இல் அமெரிக்க மார்பியல் கழகம், இனப் பெட்டியை விட்டுவிட்டு இந்தப் பொதுச் சமன்பாட்டைப் பயன்படுத்துங்கள் என்று அறிக்கை விட்டது. இதிலும் சிக்கல் இருக்கிறது. பொது அளவுகோலில் சிலர் புதிதாக ‘நோயாளி’ ஆவார்கள். தீயணைப்புப் படையில் சேர விரும்பும் இளைஞருக்கு வேலை கிடைக்காமல் போகலாம். அறுவை சிகிச்சைக்குத் தகுதி இல்லை என்று யாரையாவது திருப்பி அனுப்பலாம். மறுபுறம், இழப்பீடு கிடைக்காமல் இருந்தவருக்குக் கிடைக்கலாம். அதனால் புதிய வழிகாட்டிகள், ஒரே ஓர் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள் என்றும் சேர்த்தே சொல்கின்றன. சென்ற ஆண்டு ஊதியதையும் இந்த ஆண்டு ஊதியதையும் ஒப்பிடுவது பல நேரங்களில் அதிகப் பயன் தரும். ஃபிரீமேன் கதையும் அதுதானே? அவரை வேறொருவரோடு ஒப்பிடவில்லை. அவரோடு அவரையே ஒப்பிட்டார்கள்.

வகுப்பறைக்கு: படிவம் 4, 5 மாணவர்களுக்கு இதை வாசிப்புப் பகுதியாகச் சுருக்கித் தரலாம். 2015, 2019 புகைமூட்ட நாள்களில் பள்ளிகளை மூடியது அவர்களில் பலருக்கு நினைவிருக்கும். அங்கிருந்து பேச்சைத் தொடங்கினால் ஒட்டிக்கொள்வார்கள். ஆஸ்துமா உள்ள மாணவர் ஒருவராவது வகுப்பில் இருப்பார். அவர் பையில் உச்ச ஓட்டமானி இருந்தால் காட்டச் சொல்லுங்கள், கட்டாயப்படுத்த வேண்டாம். அந்தக் கருவிக்கு முன்னோடியை 1959-இல் அறிமுகப்படுத்தியவர் மார்ட்டின் ரைட். குடித்துவிட்டு ஓட்டுபவரைப் பிடிக்கும் மூச்சுக் கருவியிலும் அவர் பங்கு உண்டு என்றால் பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். வீட்டில் பாட்டி தாத்தா எந்த வேலை செய்தார்கள், எந்தப் புகையில், எத்தனை ஆண்டு என்று கேட்டு எழுதி வரச் சொன்னேன். முப்பத்திரண்டு பேரில் பதினொரு பேர் எழுதி வந்தார்கள். ஒரு மாணவி எழுதியது: “பாட்டிக்கு மூச்சு வாங்குவது வயசால் என்று நினைத்திருந்தோம்.”

சோதனைக்குப் போகிறவர்களுக்குச் சில சொற்கள். தளர்ந்த உடை போடுங்கள். சேலையை இறுக்கிக் கட்ட வேண்டாம், வேட்டிக்கு மேல் பெல்ட் வேண்டாம். அன்றைக்குப் பிடிப்பழக்கம் கூடாது. உறிஞ்சு மருந்து எடுப்பவர்கள் எத்தனை மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பொய்ப்பல் இறுக்கமாக இருந்தால் கழற்ற வேண்டியதில்லை, ஆடினால் கழற்றிவிடலாம். மலாய் சரளமாக வராத பெரியவர் என்றால் கூடவே ஒருவர் போய், உள்ளே நிற்க அனுமதி கேளுங்கள். எங்களைத் தடுக்கவில்லை.

அந்தத் தம்பி வெளியே வரும்போது என்னிடம் ஒரு தாளை நீட்டி, தமிழில் எப்படிச் சொல்வது என்று எழுதித் தரச் சொன்னார். மலாய் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: நல்லா இழுங்க. வேகமா ஊதுங்க. நிறுத்தாதீங்க. இன்னும், இன்னும். முடிஞ்சுது, மெதுவா மூச்சு விடுங்க. ‘ஊது’ என்ற சொல்லை அவர் மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். ‘ஊத்து’ என்றே வந்தது. ஊதச் சொன்னால் ஊற்றச் சொல்கிறாரே என்று அப்பா சிரித்துவிட்டார். திருத்தினோம். நான்காவது தடவை சரியாக வந்தது.

முடிவில், மருந்துக்குப் பின்னும் அப்பாவின் முதல் நொடி மூச்சு, மொத்த மூச்சில் பத்துக்கு ஏழு என்ற வரம்புக்குக் கீழே. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு. டாக்டர் அவரிடம் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டு, பதிலைக் கணினியில் தட்டினார். ‘புகைக்கூடம், இருபத்திரண்டு ஆண்டு’ என்று அப்பா சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். இப்போது காலையும் மாலையும் உறிஞ்சு மருந்து. ஆறு மாதம் கழித்து மறுபடி ஊத வேண்டும். அப்பா இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்: “அன்னிக்குக் காலைல தோச சாப்பிடலாமா, வெறும் வயித்தோட போகணுமா?” சாப்பிடலாம். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால், வயிறு முட்டாமல்.